இருபது ரெயால் நோட்டில் இருக்கும் குரங்கு யாருக்குச் சொந்தம்?

பழைய நோட்டு, நாணயம் சேர்க்கும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. பெரிய சேகரிப்பு ஒன்றும் இல்லை. ஒரு பிஸ்கட் டப்பா, இரண்டு ஆல்பம், அவ்வளவுதான். சில வருஷங்களுக்கு முன்னால், கப்பலில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் பிரேசில் நாட்டு 20 ரெயால் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். (அரபு நாட்டு ரியால் வேறு, இது வேறு.) மஞ்சள் நோட்டு. ஒரு பக்கம் கிளையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிராணி, முகத்தைச் சுற்றிலும் பிடரி. என் மகள் அதைப் பார்த்துவிட்டு, "சிங்கக்குட்டிக்கு ஏம்ப்பா இவ்ளோ நீள வாலு?" என்று கேட்டாள்.

சிங்கக்குட்டி இல்லை, குரங்கு. அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் எடை. அணிலைவிடப் பெரிசு, பூனையைவிடச் சிறிசு. உடம்பு முழுக்க நெருப்பும் தங்கமும் கலந்த நிறம். போர்ச்சுகீசிய மொழியில் அதன் பெயருக்கு அர்த்தமே தங்கச் சிங்கக் குட்டிக்குரங்கு என்பதுதான். டாமரின் என்பது தென்னமெரிக்கக் குட்டிக்குரங்குகள் பலவற்றுக்குப் பொதுப்பெயர். அதனால் நான் இதைப் பொன் டாமரின் என்றே எழுதுகிறேன். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் சிங்கவால் குரங்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சோலைமந்தி, வேறு குடும்பம், வேறு கண்டம்.

ஒரு நாடு தன் பணத்தில் அச்சடிக்கிற அளவுக்கு இந்தக் குரங்கிடம் என்ன இருக்கிறது என்று தேடப்போய்த்தான் இந்தக் கதைக்குள் விழுந்தேன். முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மிருகக்காட்சிசாலை என்றாலே எனக்கு ஒரு கசப்பு உண்டு. சின்ன வயசில் ஒன்றில், கூண்டுக்குள் ஒரு கரடி சுவருக்கும் சுவருக்குமாக நடந்துகொண்டே இருந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். நாங்கள் ஐஸ் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பி வந்தபோதும் அது நடந்துகொண்டுதான் இருந்தது. "வனவிலங்குப் பாதுகாப்புக்கு உதவுகிறோம்" என்று மிருகக்காட்சிசாலைகள் சொல்லும்போது சந்தேகத்தோடு பார்க்கிற ஆள் நான். அந்தச் சந்தேகத்தோடுதான் படிக்க ஆரம்பித்தேன்.

1519 டிசம்பரில் மகெல்லனின் கப்பல்கள் இன்றைய ரியோ டி ஜெனீரோ விரிகுடாவில் நங்கூரம் போட்டன. கூடப் போன இத்தாலியர் பிகஃபெட்டா, அங்கே பார்த்த விலங்குகளைப் பற்றி எழுதும்போது, சிங்கம்போலத் தோற்றமுள்ள மஞ்சள் குரங்குகளையும் குறிப்பிடுகிறார். 1766இல் லின்னேயஸ் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். நடுவிலும் பிறகும் ஐரோப்பியச் சீமாட்டிகளின் மடியில் செல்லப்பிராணியாக அது உட்கார்ந்தது. இதெல்லாம் தெரிந்த கதைதான்.

அது வாழ்ந்த காடு, பிரேசிலின் அட்லாண்டிக் கரையோர மழைக்காடு. கரும்பு, காப்பி, கால்நடை என்று ஒவ்வொன்றாக வந்து அந்தக் காட்டைத் தின்றன. அதிலும் பொன் டாமரின் இருப்பது ரியோ மாநிலத்துத் தாழ்வான கடலோரக் காடுகளில் மட்டும். மனுஷன் வீடு கட்டவும் மாடு மேய்க்கவும் முதலில் தேர்ந்தெடுக்கும் நிலம் எதுவோ, அதுவேதான் இந்தக் குரங்கின் ஒரே வீடு.

காடு போனது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பிடித்து விற்றார்கள். 1960களின் முதல் பாதியில் ஆண்டுக்கு 200 முதல் 300 டாமரின்கள் வரை ஏற்றுமதி ஆனதாகக் கணக்கு. வாங்கியது யார்? செல்லப்பிராணி வியாபாரிகள், ஆய்வுக்கூடங்கள், மிருகக்காட்சிசாலைகள். ஆமாம், மிருகக்காட்சிசாலைகளும்தான். அழகான குரங்கு, பார்வையாளர் கூட்டம் கூடும். ஆனால் கூண்டில் அது சரியாகக் குட்டி போடாது, போட்டாலும் குட்டி நிற்காது. செத்ததும் இன்னொன்றை வரவழைத்தார்கள். "காப்பாற்றிய கதை" என்று எழுதுபவர்கள் இந்த அத்தியாயத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். நான் தாண்ட விரும்பவில்லை.

பிரேசிலிலேயே இதைக் கவனித்துக் கத்திக்கொண்டிருந்த ஒரு மனிதர் இருந்தார். அடெல்மார் கோயிம்ப்ரா-ஃபில்ஹோ. 1960களின் தொடக்கத்திலிருந்தே அவர் ரியோ மாநிலக் காடுகளில் அலைந்து, எங்கே எத்தனை மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருந்தார். அவர் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தது. 1970களின் தொடக்கத்தில் காட்டில் சுமார் 200 என்ற இடத்துக்கு வந்துவிட்டது. 1974இல் போசு தாஸ் அன்டாஸ் என்ற இடத்தில் பிரேசிலின் முதல் உயிரியல் காப்பகம் அமைந்தது அவருடைய விடாமுயற்சியால்தான். பரப்பு 5,000 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேலே. காப்பகம் என்று பெயர், ஆனால் உள்ளே மேய்ச்சல் நிலம், ஓரத்தில் தேசிய நெடுஞ்சாலை, குறுக்கே ரயில் பாதை. பிற்பாடு ஓர் அணை வந்து ஒரு பகுதியை நீரில் மூழ்கடித்தது.

1972இல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் தேசிய மிருகக்காட்சிசாலையில் ஒரு கூட்டம் நடந்தது. காட்டிலும் கூண்டிலும் இது அழியப்போகிறது, என்ன செய்யலாம் என்பதுதான் பேச்சு. கோயிம்ப்ரா-ஃபில்ஹோ பிரேசிலிலிருந்து போய்க் கலந்துகொண்டார். அதே வருஷம் அந்த மிருகக்காட்சிசாலையில் வேலைக்குச் சேர்ந்தவர் டெவ்ரா கிளைமன் என்ற விலங்கியலாளர். கூண்டில் இவை ஏன் பெருகவில்லை என்ற கேள்வி அவர் கைக்கு வந்தது.

அவர் கண்டுபிடித்தது எளிமையானது, ஆனால் அதுவரை யாரும் உட்கார்ந்து கவனிக்காதது. மற்ற குரங்குகள் மாதிரி இவற்றையும் கூட்டமாகப் போட்டு வைத்திருந்தார்கள். பொன் டாமரின் குடும்பமாக வாழ்கிற பிராணி. ஓர் ஆண், ஒரு பெண், அவற்றின் பிள்ளைகள். வளர்ந்த பெண்கள் இரண்டு ஒரே கூண்டில் இருந்தால் சண்டை, சில சமயம் சாவு வரைக்கும் போகும். அடுத்தது இன்னும் முக்கியம். பெரும்பாலும் இரட்டைக் குட்டி பிறக்கும். பால் கொடுக்கிற நேரம் போக மற்ற நேரம் குட்டிகளை முதுகில் சுமப்பது அப்பாவும் அண்ணன் அக்காக்களும்தான். மிருகக்காட்சிசாலைகளோ குட்டி கொஞ்சம் வளர்ந்ததும் பிரித்து வேறு ஊருக்கு அனுப்பிவிடும். தம்பி தங்கையைச் சுமந்து பழகாமல் வளர்ந்த டாமரின், தனக்குக் குட்டி பிறந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தது. நம்ம வீட்டுப் பாட்டிகளிடம் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. சரி, அது வேறு விஷயம்.

குடும்பத்தைப் பிரிக்காமல் வைத்தார்கள், உணவை மாற்றினார்கள், குட்டிகள் தங்கின. கூடவே மிருகக்காட்சிசாலைகளுக்குள் ஓர் ஒப்பந்தம் வந்தது: பொன் டாமரினை யாரும் விலைக்கு விற்கக் கூடாது, எது எதோடு இணை சேர வேண்டும் என்பதை வம்சப் பதிவேட்டைப் பார்த்து ஒரு குழு சொல்லும். 1980களின் நடுவில் உலகக் கூண்டுகளில் இருந்த எண்ணிக்கை காட்டில் இருந்ததைத் தாண்டிவிட்டது. இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இது இன்னொரு மிருகக்காட்சிசாலை வெற்றிக் கதை, எனக்குச் சுவாரசியம் இல்லை.

அடுத்து வந்ததுதான் சோதனை. 1983இல் ஸ்மித்சோனியனும் ரியோவின் குரங்கின ஆய்வு மையமும் (அதைத் தொடங்கி நடத்தியவர் அதே கோயிம்ப்ரா-ஃபில்ஹோ) சேர்ந்து, கூண்டில் பிறந்தவற்றைக் காட்டுக்குத் திருப்பும் திட்டத்தை ஆரம்பித்தன. விடுவிக்கும் வேலைக்குப் பொறுப்பு பெஞ்சமின் பெக். 1984இல் முதல் தொகுதியைப் போசு தாஸ் அன்டாஸ் காட்டில் விட்டார்கள்.

ஓராண்டுக்குள் அதில் பெரும்பாலானவை செத்தன, அல்லது காணாமல் போயின.

காரணங்களைப் படிக்கும்போது சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வருகிறது. கூண்டில் இருந்த மரக்கட்டைகள் ஆடாது, அசையாது. காட்டில் கிளை வளைந்தது, ஆடியது; குரங்கு தடுமாறி விழுந்தது. கிண்ணத்தில் நறுக்கிப் போட்ட பழத்தையே தின்று வளர்ந்ததற்கு, மரத்தில் ஒட்டி வளரும் செடியின் இலை இடுக்கில் நீள விரலை விட்டுப் பூச்சியைத் துழாவி எடுக்கணும் என்று தெரியவில்லை. வந்த வழி மறந்து தொலைந்தது. பாம்பைப் பார்த்துப் பயப்படத் தெரியவில்லை. குரங்கு மரத்திலிருந்து விழுகிறது என்றால் அதைவிடச் சோகமான வாக்கியம் உண்டா?

அப்புறம் பள்ளிக்கூடம் வைத்தார்கள். விடுவதற்கு முன்பே, உணவை ஒளித்து வைத்துத் தேட விட்டார்கள். கட்டைக்குப் பதில் ஆடும் கொடிகளையும் கிளைகளையும் போட்டார்கள். 1986 முதல் வாஷிங்டன் மிருகக்காட்சிசாலை வளாகத்து மரங்களிலேயே கோடைக்காலத்தில் வேலியில்லாமல் திரிய விட்டார்கள். பிக்னிக்குக் குளிர்பானம் எடுத்துப்போவோமே, அந்தப் பிளாஸ்டிக் பெட்டியில் ஓட்டை போட்டு மரத்தில் கட்டினால் அதுதான் அவற்றின் படுக்கையறை. இரவானால் தானாகத் திரும்பி வந்து படுத்துக்கொண்டன.

பல வருஷம் கழித்து இதே ஆட்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். பயிற்சி பெற்றவை பெறாதவற்றைவிட அதிகம் பிழைத்தனவா? இல்லை. குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. தாங்கள் பாடுபட்டு நடத்திய பள்ளிக்கூடத்தால் பெரிய பயன் இல்லை என்று தாங்களே எழுதி வெளியிட்டார்கள். என் சந்தேகம் முதல்முறையாகத் தளர்ந்தது இந்த இடத்தில்தான்.

பயன் தந்தது எது? விட்டதற்குப் பிறகு கூடவே நின்றது. மாதக்கணக்கில் தினமும் பின்தொடர்ந்து, பழமும் தண்ணீரும் வைத்து, வழி தவறியதைப் பிடித்துக் கொண்டுவந்து, அடிபட்டதற்கு மருந்து போட்டு, படிப்படியாகக் கையை விலக்கிக்கொண்டது. அப்படியும் விடப்பட்டவற்றில் பெரும்பகுதி இரண்டு ஆண்டு தாண்டவில்லை. ஆனால் சாவதற்கு முன் சில குட்டி போட்டன. அந்தக் குட்டிகள் பிறந்தது ஆடும் கிளையில். அவற்றுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1984 முதல் 2000 வரை கூண்டில் பிறந்த 146 டாமரின்கள் காட்டுக்குப் போயின. இன்று காட்டில் இருப்பவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவற்றின் வம்சம் என்கிறார்கள். 146 உயிர்களில் பாதிக்கு மேல் வீணானது சரியா என்று கேட்டால், எனக்கு இன்னும் முழு மனசோடு ஆமாம் என்று சொல்ல வரவில்லை. அவை கூண்டிலேயே சௌகரியமாகக் கிழடாகியிருக்கலாம்.

இப்போது மனிதர்களின் பக்கம் வருவோம். முதல் தொகுதிக்குப் பிறகு, டாமரின்களை விட இடம் தேவைப்பட்டது. காப்பகத்துக்குள் ஏற்கனவே காட்டு டாமரின்கள் இருந்தன. அவற்றின் எல்லைக்குள் புதுசாகக் கொண்டுபோய்த் தள்ள முடியாது. சுற்றிலும் மிச்சமிருந்த காட்டுத் துண்டுகளோ மாட்டுப் பண்ணைக்காரர்களின் சொத்து. ஆக, அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ குரங்கைப் பெட்டியில் ஏற்றி அனுப்புவது சுலபம். ஒரு பண்ணையாரிடம் போய், "உங்கள் நிலத்தில் இருக்கும் மரத்தை வெட்டாதீர்கள், எங்கள் குரங்கு வரப்போகிறது" என்று சொல்வதுதான் கஷ்டம்.

அந்த வேலையைத் தொடங்கியவர்களில் ஒருவர் லூ ஆன் டியட்ஸ். கணவர் ஜேம்ஸ் டியட்ஸ் காட்டில் டாமரின் குடும்பங்களின் பின்னால் போய்க்கொண்டிருக்க, இவர் ஊர்களுக்குள் போனார். முதலில் செய்தது பிரசங்கம் இல்லை, கருத்துக்கணிப்பு. இந்த ஊர்க்காரருக்கு இந்தக் குரங்கைப் பற்றி என்ன தெரியும், காட்டைப் பற்றி என்ன நினைக்கிறார், எதைப் படிக்கிறார், எதைக் கேட்கிறார் என்று விசாரித்தார்கள். அப்புறம்தான் பள்ளிகள், வானொலி, தொலைக்காட்சி, நாடகம். வேலைக்கு உள்ளூர் இளைஞர்களையே எடுத்தார்கள். அப்படிச் சேர்ந்தவர்களில் சிலர் முப்பது வருஷத்துக்கு மேலாக அதே காட்டில் டாமரின்களின் பின்னால் நடந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்தின் பாட்டன் பூட்டன் வரைக்கும் அவர்களுக்குத் தெரியும்.

பண்ணைக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். எல்லாரும் இல்லை, ஆனால் போதுமான பேர். உலகத்திலேயே இந்த ஆற்றுப்படுகையில் மட்டும்தான் இது இருக்கிறது, அதிலும் உங்கள் தோட்டத்துக் காட்டில் இருக்கிறது என்பது அவர்களுக்கு ஒரு பெருமையாக மாறியது. பக்கத்துப் பண்ணையில் விட்டார்கள், எனக்கு ஏன் தரவில்லை என்று கேட்கிற நிலை வந்தது. சிலர் தங்கள் காட்டைச் சட்டப்படி நிரந்தரத் தனியார் காப்பகமாகவே பதிவு செய்தார்கள். பதிவு செய்தால் பிள்ளைகளும் பேரன்களும்கூட அதை வெட்ட முடியாது. நிலத்தின் அருமை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கையெழுத்து என்று புரியும்.

மிருகக்காட்சிசாலைகள் "கல்வி" என்று சொல்லும்போது வழக்கமாகக் கூண்டுக்கு முன்னால் ஒரு பலகையைத்தான் குறிக்கின்றன. வாஷிங்டனில் பலகை படிக்கிறவர் இந்தக் காட்டை வெட்டப்போவதும் இல்லை, காப்பாற்றப்போவதும் இல்லை. மரம் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் போனதுதான் இந்தத் திட்டத்தின் நிஜமான சாமர்த்தியம்.

1992இல் உள்ளூர்க்காரர்களின் அமைப்பாகப் பொன் டாமரின் சங்கம் பிறந்தது. சில்வா ஜார்டிம் என்ற சிற்றூர்ப் பகுதியில் அதன் இருப்பிடம். வெளிநாட்டு மிருகக்காட்சிசாலைகளின் பணம் தொடர்ந்து வந்தது. அதைத் திரட்ட ஒரு தனி நிதியே ஏற்படுத்தினார்கள், ஜெர்சி தீவு மிருகக்காட்சிசாலையின் ஜெரமி மாலின்சன் அதில் முன்னின்றார். ஆனால் எந்தக் காட்டில் என்ன செய்வது என்ற முடிவு மெல்ல மெல்லப் பிரேசில்காரர்களின் மேசைக்குப் போனது.

இதோடு சேர்ந்து நடந்த இன்னொரு விஷயம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 1990களின் தொடக்கத்தில், உலகத்தின் பல நாட்டு மிருகக்காட்சிசாலைகள் தங்களிடம் இருந்த பொன் டாமரின்களின் உடைமை உரிமையைப் பிரேசில் அரசுக்கே எழுதிக் கொடுத்தன. இன்று வெளிநாட்டு மிருகக்காட்சிசாலையில் நீங்கள் ஒரு பொன் டாமரினைப் பார்த்தால், அது பெரும்பாலும் அங்கே இரவலாக இருக்கிறது. தாத்தாவையோ பாட்டியையோ அவர்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கலாம். பேரக்குட்டி பிரேசிலுக்குச் சொந்தம். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்குச் சோறும் போட்டு, அதன் காட்டுக்குப் பணமும் அனுப்பு என்றால் எத்தனை நிறுவனம் சம்மதிக்கும்? அருங்காட்சியகங்களிடம் நம்ம சிலைகளைக் கேட்டு வாங்க நாம் படும் பாடு தெரியும்தானே.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். துண்டுக் காடுகளில் மாட்டிக்கொண்ட 42 காட்டு டாமரின்களை 1990களின் நடுவில் பிடித்து, ரயில்வே நிறுவனத்துக்குச் சொந்தமான யூனியாவ் என்ற பண்ணைக் காட்டுக்கு மாற்றினார்கள்; 1998இல் அது இரண்டாவது காப்பகம் ஆனது. எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. 2002இல் 20 ரெயால் நோட்டு வந்தது. எந்த விலங்குகளை நோட்டில் போடலாம் என்று மத்திய வங்கி மக்களிடமே கருத்துக் கேட்டிருந்தது. 2003இல் அழிவின் விளிம்பில் என்ற பட்டியலிலிருந்து ஒரு படி கீழே இறக்கினார்கள். 2014 கணக்கில் 3,700.

பிறகு மஞ்சள் காய்ச்சல் வந்தது. 2016இல் பிரேசிலில் தொடங்கிய அந்தக் கொள்ளைநோய், கொசு மூலம் குரங்குகளையும் மனிதர்களையும் சேர்த்தே பிடித்தது. இரண்டே வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு டாமரின்கள் போயின; சுமார் 2,500தான் மிச்சம். பிரேசிலின் பல இடங்களில் மக்கள், குரங்குதான் நோயைப் பரப்புகிறது என்று பயந்து குரங்குகளை அடித்தும் விஷம் வைத்தும் கொன்றார்கள். உண்மையில் பரப்புவது கொசு. குரங்கு முதலில் சாகிறது. அது செத்து விழுவதுதான் மனிதர்களுக்கு எச்சரிக்கை. முப்பது வருஷமாக ஊர் ஊராகப் போய்ப் பேசி வைத்திருந்ததன் மதிப்பை அப்போதுதான் நான் முழுசாக உணர்ந்தேன்.

அதற்குப் பிறகு அவர்கள் செய்தது, என் அறிவுக்கு எட்டியவரை, காட்டுக் குரங்குகளுக்கு யாரும் செய்யாதது. மனிதர்களுக்குப் போடும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியையே ரியோ ஆய்வு மையத்துக் கூண்டில் இருந்த டாமரின்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். வேலை செய்தது. பிறகு காட்டில் வாழைப்பழம் வைத்துப் பொறியில் பிடித்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டார்கள். இப்படி 300-க்கும் மேற்பட்டவற்றுக்கு. காட்டு விலங்குக்கு ஊசி போட்டால் அது காட்டு விலங்குதானா என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். பதில் தேடும்வரை வைரஸ் காத்திருக்காது.

2023 கணக்கெடுப்பில் சுமார் 4,800.

இன்னும் காடு துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. அந்த நெடுஞ்சாலை, பிஆர்-101, இப்போது அகலமாகிவிட்டது. ஒரு பக்கத்துக் குரங்கு மறுபக்கம் போக முடியாது. 2020இல் அதன் மேலே ஒரு பாலம் கட்டினார்கள். மனிதர்களுக்கில்லை. மேலே மண் கொட்டி மரக்கன்று நட்டிருக்கிறார்கள். டாமரின் தரையில் இறங்கி நடந்து கடக்கிற பிராணி இல்லை. கிளையோடு கிளை தொட்டால்தான் போகும். படத்தில் பார்த்தபோது கன்றுகள் ஆள் உயரம்கூட இல்லை. கீழே லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

நோட்டை மறுபடி ஆல்பத்தில் வைக்கும்போது மகள் கேட்டாள், "இது இப்ப பிரேசில்ல இருக்கா, ஜூவுல இருக்கா?" இரண்டிலும் இருக்கு, ஆனா ரெண்டுமே பிரேசிலோடதுதான் என்றேன். "அப்ப நம்ம கிட்ட இருக்கிற நோட்டு?" என்றாள்.